மூணு கே.பி. கல்யாணம்!

வீடியோ டவுன்லோட் ஆகவில்லை என்றால் நம்மவர்கள் வழக்கமாகச் செய்வது மூன்று. ஒன்று, அதே பட்டனை இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமுக்குவது. இரண்டு, மோடத்தை அணைத்துப் போடுவது. மூன்று, "இந்த எக்ஸ்டென்ஷனே ஃபிராடு சார்!" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வது. இந்த மூன்றாவதுதான் ஆபத்து. 'நீங்கள் போகும் எல்லா வெப்சைட்டிலும் இருப்பதைப் படிப்பேன், மாற்றுவேன்' என்று அனுமதி கேட்டுக்கொண்டுதான் பல எக்ஸ்டென்ஷன்கள் உள்ளே வருகின்றன. உங்கள் பாங்க் பக்கமும் அதில் சேர்த்தி! வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது உத்தமம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு ரிடையர்டு டீச்சர். 2020-ல், கல்யாணத்துக்கு ஐம்பது பேருக்கு மேல் கூடாது என்றிருந்த கொரோனா சமயத்தில் மகளைக் கட்டிக்கொடுத்தார். மற்ற உறவெல்லாம் ஸ்டூடியோக்காரரின் வலைப்பக்கத்தில் நேரலையாகப் பார்த்து, இருந்த இடத்திலிருந்தே அட்சதை போட்டது. அதில் டீச்சரின் கணவர் மைக் பிடித்து நான்கு நிமிடம் பேசியிருக்கிறார். 2022-ல் அவர் போய்விட்டார். ஸ்டூடியோ கொடுத்த 'ஹைலைட்ஸ்' பென் டிரைவில் அவர் வாய் அசைகிறது. குரலுக்குப் பதில் சினிமாப் பாட்டு! முழுப் பதிவு அந்த வலைப்பக்கத்தில் மட்டும்தான். அதையும் மாதக் கடைசியில் மூடப் போகிறார்களாம். ஒரிஜினலைக் கேட்டதற்கு, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சும்மா" என்று பதில். (நீங்களும் முதலில் ஒரிஜினலைக் கேட்டுப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் எல்லாம் கடைசி வழி.)

"தம்பி, எதிர்வீட்டுப் பையன் இறக்கிட்டேன்னு சொன்னான். திறந்தா ஒண்ணுமே வரலையே?"

பார்த்தேன். மூன்று மணி நேரக் கல்யாணம், ஃபைல் அளவு 3 கே.பி.! பெயர் 'எம்3யூ8' என்று முடிந்தது.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஆப்பிள் கம்பெனி 2009-ல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறையில் வீடியோ முழுசாக வருவதில்லை; துண்டு துண்டாக வருகிறது. ஒரு துண்டு ஆறு விநாடி என்றால் மூன்று மணி நேரத்துக்கு 1,800 துண்டு. எந்தத் தரத்துக்கு எந்தப் பட்டியல், எந்தப் பட்டியலில் எந்தத் துண்டு என்று சொல்வதுதான் இந்த எம்3யூ8. பையன் இறக்கியது இன்வாய்ஸ். சரக்கு இன்னும் குடோனில்!

வீடியோவைச் சில விநாடி ஓடவிட்டு, அப்புறம் எக்ஸ்டென்ஷனைத் திறந்தால் ஒரு வரிசை காட்டும். விளம்பரமும் அதில் கலந்திருக்கும். நேரமும் 720, 1080 போன்ற தரமும் போட்டிருப்பதைத்தான் தொட வேண்டும். தொட்டோம். இறங்கியது. நாதஸ்வரக்காரர் கன்னத்தை உப்புகிறார், சத்தத்தைக் காணோம்.

"பழசுல பாட்டாவது கேட்டுச்சு தம்பி!" என்றார் டீச்சர்.

படம் தனி, ஒலி தனியாகத்தான் பல தளங்கள் அனுப்புகின்றன. இரண்டையும் ஒட்டுவதற்கு எஃப்.எஃப்.எம்பெக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர் உண்டு. ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் 2000-ல் ஆரம்பித்து வைத்தது. சில எக்ஸ்டென்ஷன்கள் இந்த வேலைக்கு 'கம்பானியன் ஆப்' என்று ஒன்றைக் கம்ப்யூட்டரில் தனியாகப் போடச் சொல்லும். அதைச் சொன்னால் போட்டுவிடுங்கள்.

அடுத்து, நாற்பது சதவிகிதத்தில் நின்றுபோய் '403' என்றது. 404 என்றால் 'அப்படி ஒன்று இங்கே இல்லை'. 403 என்றால் 'உனக்குக் கிடையாது'! டீச்சர் பத்திரமாக இருக்கட்டுமென்று காலையிலிருந்தே பக்கத்தைத் திறந்து வைத்திருந்தார். இந்த லிங்க்குகள் பலவற்றுக்கு சினிமா டிக்கெட் மாதிரி காட்சி நேரம் உண்டு, தாண்டினால் செல்லாது. பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து, ஓடவிட்டு, சூட்டோடு சூடாக இறக்க வேண்டும். நடுவில் கம்ப்யூட்டர் தூங்கிப்போகாமல் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓ.டி.டி. படங்களிடம் இந்த வித்தை எதுவும் பலிக்காது. டி.ஆர்.எம். என்ற பூட்டோடுதான் அனுப்புகிறார்கள். அடுத்தவர் சரக்கு, விட்டுவிடுங்கள். குரோம் கடையில் கிடைக்கிற எக்ஸ்டென்ஷன்கள் யூடியூபைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் கடைக்காரரான கூகுளின் விதியால்தான். அதற்காக மோடத்தை அணைத்து என்ன பயன்?

இரவு ஒன்பதரைக்கு முழுசும் இறங்கியது. மாப்பிள்ளை மாலை எல்லாம் தாண்டி அவர் வந்தார். மண்டபத்தில் ஐம்பது பேர். அவரோ ஃபோனில் பார்த்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து, "எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்கிறார். டீச்சர் அதைப் பத்துத் தடவையாவது போடச் சொல்லியிருப்பார்.

4.6 ஜி.பி. இருந்தது. பென் டிரைவில் போட்டால், 32 ஜி.பி.யில் பெரும்பகுதி காலியாக இருந்தும், 'ஃபைல் பெரிசு' என்று அடம். அது ஃபேட்32 என்ற பழைய ஃபார்மட். தனி ஃபைல் ஒன்று 4 ஜி.பி.யைத் தொட்டாலே ஏற்காது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றினால் சரியாகிவிடும். ஆனால், உள்ளே ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். கல்யாண ஹைலைட்ஸ் இருக்கிற பென் டிரைவ் ஆச்சே என்று தயங்கினேன்.

"அந்தச் சினிமாப் பாட்டுதானே? அழிங்க தம்பி."