பாட்டோடு வந்த ஆம்புலன்ஸ் வண்டி!

வேங்கிக்கால் தெருவில் மேளம் முழங்கினால் பிள்ளைகள் வாசலுக்கு ஓடி வருவார்கள். அந்த மேளத்தோடு மின்சார கிட்டாரும் சேர்ந்து இடித்தால் எப்படி இருக்கும்?

காதைத் துளைக்கும் அந்த மேல்நாட்டு கிட்டார் இசைக்கு 'மெட்டல்' என்று பெயர். டெல்லியில் உள்ள 'பிளட்டிவுட்' குழுவினர் அதில் பஞ்சாபி மேளத்தையும் புல்லாங்குழலையும் கலந்தார்கள். கரண் கட்டியார், ஜயந்த் பாதுலா என்ற இருவர் 2016-ல் தொடங்கிய குழு அது. கட்டியார் வக்கீல் தொழிலை விட்டு வந்தவர்!

2020-ல் 'யாத்' என்ற பாட்டை வெளியிட்டார்கள். 'யாத்' என்றால் நினைவு. அன்புக்கு உரியவரை இழந்த துயரமே பாட்டின் பொருள். பாட்டுக்கான படத்தில் ஒரு மனிதனும் அவன் வளர்த்த நாயும் வருகிறார்கள். குழல் குழைகிறது, மேளம் அதிர்கிறது, பாடகர் அடிவயிற்றிலிருந்து கர்ஜிக்கிறார்.

பாட்டோடு நிற்கவில்லை. ஐரோப்பாவில் கச்சேரி செய்து சம்பாதித்த பணத்தில், ஆதரவற்ற பிராணிகளைக் காக்கும் நிலையத்துக்கு ஓர் ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுத்தார்கள்!

2022-ல் வந்த 'ரக்ஷக்' என்ற அவர்களது இசைத் தொகுப்பில் 'யாத்' பாட்டும் உண்டு. அந்தத் தொகுப்பு அமெரிக்காவின் 'பில்போர்டு' விற்பனைப் பட்டியலில் இடம் பிடித்தது.

"இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று பெரியவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அடிபட்ட வாயில்லா ஜீவனுக்கு அந்தக் கூச்சல்காரர்களின் வண்டிதான் ஓடி வருகிறது!