பழந்துணியும் பருத்தியும்: ஜீஸ் பென்ட் பெண்களின் தையல் ஆண்டு

அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள அலபாமா மாநிலத்தில், அலபாமா ஆறு ஓரிடத்தில் பெரிதாக வளைந்து ஒரு நிலப்பரப்பை மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடுகிறது. அந்த வளைவுக்குள் இருக்கும் கிராமம் ஜீஸ் பென்ட். அங்கு வாழ்பவர்கள் கறுப்பின விவசாயக் குடும்பத்தினர். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் அவர்கள். 1845இல் அந்தத் தோட்டத்தை வாங்கிய மார்க் பெட்வே என்பவரின் பெயர்தான் இன்றும் அங்கு பல குடும்பங்களின் குடும்பப் பெயர்.

இக்கிராமத்துப் பெண்கள் பழந்துணிகளைப் பொருத்தித் தைத்த போர்வைகள் இன்று பெரிய அரும்பொருட் காட்சிச்சாலைகளில் தொங்குகின்றன. ஆனால் அவை குளிருக்குத் தைக்கப்பட்டவை. தோட்ட வேலைக்கும் அந்தத் தையலுக்கும் உள்ள தொடர்பை முதலில் பார்ப்போம்.

வசந்த காலத்தில் உழுது பருத்தியும் சோளமும் விதைப்பார்கள். கோடையில் களை கொத்துவார்கள். இலையுதிர் காலத்தில் பிள்ளைகளும் சேர்ந்து பருத்தி எடுப்பார்கள். இந்த மாதங்களில் ஊசி எடுக்க நேரமில்லை. மாரியில் தோட்ட வேலை ஓய்ந்த பிறகே தையல் தொடங்கும். அப்போது குளிரும் கடுமையாக இருக்கும். பலகை வீடுகளின் இடுக்கு வழியே காற்று புகும். சுவரில் பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டி மறைப்பார்கள். ஒருவருக்கு ஒரு போர்வை போதாது. கீழே விரிக்கவும் மேலே போர்க்கவுமாகப் பல வேண்டும்.

போர்வைக்கு மூன்று அடுக்குகள். அடியில், பிரித்து வெளுத்த மாச்சாக்கு அல்லது உரச்சாக்கு. நடுவில், தோட்டத்திலோ பஞ்சு பிரிக்கும் ஆலையிலோ எஞ்சிய பருத்தி. அதைத் தடியால் அடித்து மெதுவாக்கிப் பரப்புவார்கள். மேலடுக்கு, தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து கிழித்தெடுத்த துண்டுகள். முழங்காற் பக்கம் தேய்ந்து போன காற்சட்டையிலும் பின்பக்கமும் காலின் மேற்பகுதியும் நல்லதாக இருக்கும். பையைப் பிரித்தெடுத்தால், வெயில் படாத அந்த இடம் மட்டும் கடும் நீலமாக நிற்கும். அந்த அடையாளத்தை அவர்கள் மறைப்பதில்லை.

மேலடுக்கை ஒவ்வொரு பெண்ணும் தன் வீட்டில், தன் மனம் போனபடி பொருத்துவாள். அளவுத்தாள் கிடையாது. நடுவில் ஒரு சதுரம் வைத்து அதைச் சுற்றிச் சுற்றிக் கீலங்களைச் சேர்ப்பது அவர்களுக்கு மிகவும் பிடித்த முறை. பிறகு மூன்று அடுக்குகளையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, அதை முகட்டிலிருந்து கயிற்றில் தொங்கவிடுவார்கள். அயல் பெண்கள் சுற்றியிருந்து நூலோட்டித் தைப்பார்கள். இன்று ஒருத்தி வீட்டில், நாளை இன்னொருத்தி வீட்டில். பாட்டும் செபமும் கூடவே நடக்கும்.

இந்த ஊர் எல்லாவற்றையும் இழந்த ஒரு மாரி காலம் உண்டு. 1930 அளவில் பருத்தி விலை விழுந்தது. குடும்பங்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த ஒரு வியாபாரியிடம் கடன்பட்டிருந்தன. அவர் இறந்ததும், 1932இல் அறுபதுக்கு மேற்பட்ட குடும்பங்களின் கலப்பை, கால்நடை, விதை, சேமித்த உணவு அனைத்தும் கடனுக்காக அள்ளிச் செல்லப்பட்டன. செஞ்சிலுவைச் சங்கம் கொடுத்த மாவில் அவர்கள் உயிர் தப்பினார்கள். பின்னர் அரசாங்கம் அந்தத் தோட்டத்தை விலைக்கு வாங்கி, 1940களில் சிறு காணிகளாகப் பிரித்து, குறைந்த வட்டிக் கடனில் அக்குடும்பங்களுக்கே விற்றது. வாரத்துக்கு உழுதவர்கள் காணிக்காரர் ஆனார்கள்.

1942இல் மிசூரி பெட்வே என்ற பெண்ணின் கணவர் இறந்தார். அவருடைய வேலை உடுப்புகளைக் கிழித்து, மகளையும் கூட வைத்துக்கொண்டு அவர் ஒரு போர்வை தைத்தார். கணவரை நினைக்கவும், அந்த அன்பின் கீழ் படுத்துறங்கவும் அது வேண்டும் என்று தாய் சொன்னதாக மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் கூறினார். வெளிறிப்போன நீலமும் சாம்பலுமான அந்தப் போர்வையை இன்று பல நாட்டவர் பார்த்துவிட்டார்கள். தைத்தவருக்கோ அது ஒரு வீட்டு அலுவல்.

காணி உரிமையின் பெறுமதி 1960களில் தெரிந்தது. கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய முயன்றபோது, 1962இல் ஆற்றைக் கடக்கும் பாதைச் சேவை நிறுத்தப்பட்டது. எதிரே தெரியும் கம்டன் நகருக்குத் தரைவழியாக ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுற்றிப் போகவேண்டி வந்தது. 1965 பெப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங் அங்கு வந்து பேசினார். பதியச் சென்ற அயற்கிராமத்துக் குத்தகைக்காரர் பலரை நில உடைமையாளர் குடியெழுப்பினர். சொந்தக் காணி வைத்திருந்த ஜீஸ் பென்ட் மக்களை அப்படி எழுப்ப முடியவில்லை.

அக்காலத்தில் அங்கு பணியாற்றிய பிரான்சிஸ் வோல்டர் என்ற குருவானவர், கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு, ஒன்றுக்கு 10 டொலர் கொடுத்து வாங்கி நியூயோர்க்கில் ஏலம் விடச் செய்தார். 1966 மார்ச்சில் அறுபதுக்கு மேற்பட்ட பெண்கள் கூடி ‘சுதந்திரத் தையற் கூட்டுறவு’ என்று பொருள்படும் பெயரில் ஒரு சங்கம் அமைத்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற உள்ளூர்ப் பெண் நீண்டகாலம் அதன் முகாமையாளராக இருந்தார். சங்கம் 23 ஏக்கர் காணி வாங்கித் தையற்கூடம் கட்டியது. அதே காணியில் எட்டுத் துண்டுகளைக் குடியெழுப்பப்பட்ட குடும்பங்களுக்கு விற்றது. இந்தக் கதையில் எமக்கு முக்கியமாகப் படுவது இந்த எட்டுத் துண்டுகளே. போர்வை விற்று வந்த வருமானம் சிலருக்குக் குடியிருக்க நிலமாகவும் மாறியது.

சந்தைக்கென்று தைப்பது வேறு வேலை. நகரக் கடைகளுக்கு எல்லாம் ஒரே அளவாக, ஒரே நேராக வேண்டும். 1972இல் சியர்ஸ் நிறுவனம் கோர்டுரோய் துணியில் தலையணை உறைகளுக்குக் கட்டளை கொடுத்தது. ஒரே தையலைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். கைக்குச் சம்பளம் வந்தது. வெட்டியதில் எஞ்சிய கோர்டுரோய்த் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தம் விருப்பப்படி போர்வை தைத்தார்கள். கட்டளை வேலை கொடுத்த கழிவிலிருந்து பிறந்த அந்தப் போர்வைகளே எமது கண்ணுக்கு மிக அழகானவை.

1998இல் வில்லியம் ஆர்னெட் என்ற சேகரிப்பாளர், விறகுக் குவியலில் போட்டிருந்த ஒரு போர்வையின் படத்தைக் கண்டு ஊரைத் தேடி வந்தார். 2002இல் ஹூஸ்டன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் பெரிய கண்காட்சிகள் நடந்தன. முதிய பெண்கள் பஸ் ஏறிச் சென்று, தம் போர்வைகள் ஓவியங்கள் போலச் சுவரில் தொங்குவதைப் பார்த்தார்கள். 2006இல் அமெரிக்கத் தபாற்சேவை பத்துப் போர்வைகளின் படங்களை முத்திரைகளாக வெளியிட்டது. அதே ஆண்டு, 44 வருடங்களின் பின், ஆற்றுப் பாதையும் மீண்டும் ஓடத் தொடங்கியது.

புகழோடு கணக்கு வழக்கும் வந்தது. போர்வைகளுக்கும் அவற்றின் வடிவங்களுக்கும் உரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2007இல் மூன்று பெண்கள் வழக்குத் தொடர்ந்தார்கள். 2008இல் அவ்வழக்குகள் இணக்கமாக முடிந்தன. கூட்டுறவுச் சங்கம் 2012இல் மூடப்பட்டது. 2022 ஒக்டோபரில் ஊரவர்கள் ஒரு விழாவைத் தொடங்கினர். வருடாவருடம் காற்றாட வெளியே போடும் வழக்கப்படி போர்வைகளைக் கொடியிலும் வேலியிலும் தொங்கவிட்டார்கள். வந்தவர்கள் தைத்தவர்களிடமே விலை கேட்டு வாங்கிச் சென்றார்கள்.