பிரைட்டன்: கடல்நீரை மருந்தாக்கிய ஊர்

இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள பிரைட்டன், 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை நலிந்துபோன ஒரு மீன்பிடி ஊராகவே இருந்தது. கழலை நோய்களுக்குக் கடல்நீரில் குளிப்பதோடு அதைக் குடிக்கவும் வேண்டுமென்று அண்டை ஊரான லூயிஸின் மருத்துவர் ரிச்சர்ட் ரஸ்ஸல் 1750-இல் இலத்தீன் மொழியில் நூல் வெளியிட்டதும் (இன்றைய மருத்துவர் எவரும் ஒப்பாத யோசனைதான்), செல்வர்கள் இக்கரையை நாடத் தொடங்கினர். சக்கரம் பூட்டிய மரக்கூண்டைக் குதிரை நீருக்குள் இழுத்துச் செல்ல, உள்ளே உடை மாற்றிக்கொண்ட சீமாட்டிகளை ‘டிப்பர்’ எனப்பட்ட உள்ளூர்ப் பெண்கள் பிடித்து அலையில் முக்கி எடுத்தனர்.

1783-இல் முதன்முறையாக வந்த இளவரசர், அதாவது பின்னாளைய மன்னர் நான்காம் ஜார்ஜ், இங்கு அமைத்துக்கொண்ட மாளிகையை, ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் 1815 முதல் வெளியே இந்தியக் குவிமாடங்களும் உள்ளே சீன அலங்காரமுமாக மாற்றியமைத்தார். ராயல் பெவிலியன் எனப்படும் இம்மாளிகையில்தான், முதல் உலகப் போரில் காயமுற்ற இந்தியப் படைவீரர்களுக்கான மருத்துவமனை, மதத்துக்கும் சாதிக்கும் ஏற்பத் தனித்தனிச் சமையற்கூடங்களோடு, 1914 இறுதி முதல் 1916 தொடக்கம் வரை இயங்கியது.

1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்தபின் எளியோரும் திரண்டனர். கடலுக்குள் இரும்புத் தூண்கள்மேல் நீளும் ‘பியர்’ என்னும் உல்லாச மேடைகளில், 1899-இல் திறக்கப்பட்டது இன்றும் களைகட்டுகிறது; 1866-இல் திறக்கப்பட்ட மேற்குப் பியரோ 2003-இல் தீப்பற்றி எரிந்து, எலும்புக்கூடாக நிற்கிறது. மணற்பரப்பை எதிர்பார்த்துச் செல்வோர் மட்டும் ஏமாறுவர்: கரை முழுதும் கூழாங்கற்களே.