விடியற்காலைப் பத்து நிமிடம்



விடியற்காலை நான்கு மணிக்கு ஒரு தோட்ட வீட்டில் நடப்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். அடுப்பு மூட்ட வேண்டும். பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்ட வேண்டும். பெரட்டுக்கு நேரமாகிவிடக் கூடாது. பாயை விட்டு எழுந்ததும் குனிந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்குகிறோம். இடுப்பில் சுரீர் என்று ஒரு வலி. அந்த வலியோடு பிள்ளையை அதட்டுகிறோம். பொழுது விடியுமுன்பே உடலும் களைத்து, மனமும் கலங்கிவிடுகிறது. இந்த நிலையைத் தணிக்கப் பத்து நிமிடம் ஒதுக்கலாமே என்பதுதான் இன்றைய பேச்சு.

“நாள் முழுதும் உடம்பு வளைத்து வேலை செய்கிறோம். எங்களுக்கு எதற்கு ஐயா பயிற்சி?” என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வேலை உடலை ஒரே பக்கமாக இழுக்கிறது. தாழ்வான பட்டையில் பால் வெட்டுகிறவர் குனிந்தே நிற்கிறார். காண்டா போட்டுச் சுமப்பவரின் தோள் அழுந்துகிறது. செம்பனைக் குலை அறுப்பவர் நீண்ட கழியை ஏந்தி அண்ணாந்தே நிற்கிறார். இப்படி இழுபட்டு இறுகிய தசைகளைத் தளர்த்துவதுதான் பயிற்சி.

பால்மரத்தை ஏன் விடியலில் வெட்டுகிறோம்? அப்போது மரம் நீர் நிறைந்து நிற்கிறது. பால் குழாய்களில் அழுத்தம் மிகுந்திருக்கிறது. அதனால் பால் நன்றாக ஒழுகுகிறது. நம் முதுகெலும்பும் ஏறக்குறைய அப்படியே. எலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தை போன்ற வட்டுகள் இரவில் நீரை உறிஞ்சி உப்பிவிடுகின்றன. அதனால்தான் மாலையில் இருப்பதைவிடக் காலையில் நாம் 1 செண்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருக்கிறோம். உப்பிய வட்டை உடனே குனிந்து அழுத்தினால் அதற்குத் தாங்காது. ஆகவே எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் காலைத் தொடும்படி முதுகை வளைக்க வேண்டாம். வாளியைத் தூக்கும்போதும் முழங்காலை மடக்கி, வாளியை உடலோடு ஒட்டித் தூக்குங்கள்.

இனி மூச்சுக்கு வருவோம். உங்கள் மணிக்கட்டில், பெருவிரல் பக்கம், நாடியைத் தொட்டுப் பாருங்கள். மூச்சை மெல்ல உள்ளே இழுக்கும்போது நாடி சற்று விரைகிறது; வெளியே விடும்போது சற்றுத் தணிகிறது. இளையோருக்கு இது நன்றாகத் தெரியும். வயதானவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. மூளையிலிருந்து இருதயத்துக்கு இறங்கிவரும் வேகஸ் என்ற நரம்பின் வேலை இது. இறக்கத்தில் ஓடும் சைக்கிளுக்குப் பிரேக்கு எப்படியோ, இருதயத்துக்கு இந்த நரம்பு அப்படி. மூச்சை நீளமாக வெளியே விடும்போது அந்தப் பிரேக்கு மெல்லப் பிடிக்கிறது, படபடப்பு அடங்குகிறது.

திருமூலர் இதைத் திருமந்திரத்தில் கணக்கோடு சொல்லியிருக்கிறார். மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, வெளியே விட 32 மாத்திரை. அதாவது இரு மடங்கு. இடையே 64 மாத்திரை மூச்சை நிறுத்துவது கும்பகம். அதைத் தக்க ஆசிரியரிடம்தான் கற்க வேண்டும். நமக்குக் கும்பகம் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது எளிது. அடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் இல்லாத இடமாக, வாசற்படியில் நிமிர்ந்து உட்காருங்கள். ஒரு கையை வயிற்றின் மேல் வையுங்கள். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுங்கள்; கை வெளியே தள்ளப்பட வேண்டும். ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். கை உள்ளே இறங்க வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிற நாம், இப்படிச் செய்தால் 6 முறைதான் விடுவோம். ஐந்து நிமிடம் போதும்.

அடுத்த ஐந்து நிமிடம், எழுந்து நின்று உடலை அசையுங்கள். கழுத்தை இடமும் வலமும் மெல்லத் திருப்புங்கள். தோள்களைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். உளி பிடிக்கும் விரல்களை மூடித் திறந்து, மணிக்கட்டைச் சுழற்றுங்கள். இரு கைகளையும் இடுப்பில் வைத்துச் சற்றே பின்னால் சாயுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். ஒவ்வொன்றும் ஐந்து முறை. வலி வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சில எச்சரிக்கைகள். தலை சுற்றினால் எண்ணுவதை விட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். கர்ப்பிணிகளும் இருதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மூச்சுப் பயிற்சி செய்கிறோம் என்று அதை நிறுத்திவிடக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ, முதுகு வலியோடு கால் மரத்துப்போனாலோ பயிற்சியை நம்பி வீட்டில் இருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுவரை வைத்துத்தானே சித்திரம் எழுத வேண்டும்? நம் சம்பளமும் பிள்ளைகளின் படிப்பும் இந்த உடலை நம்பித்தானே நிற்கின்றன? நாளைக் காலை பத்து நிமிடம் முன்னதாக எழுந்து, உங்கள் பிள்ளையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அதட்டலில் தொடங்கிய காலை, இருவரும் சேர்ந்து எண்ணும் நான்கிலும் ஆறிலும் தொடங்கட்டும்.