அடையாள அட்டையில் பெயரும் பாலும்: மலேசியத் தமிழர் நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

மலேசியக் குடிமகன் ஒருவன் தன் 12-ஆம் வயதில் அடையாள அட்டையைப் பெறுகின்றான். அதன்பின் வாழ்நாள் முழுவதும் அவ்வட்டையே அவனுக்காகப் பேசுகின்றது. பிரிக்பீல்ட்ஸில் வங்கிக் கணக்குத் திறப்பவரும், கிள்ளானில் மருத்துவரைக் காணச் செல்பவரும், வாடகைக்கு அறை தேடுபவரும் முதலில் நீட்டுவது அதனையே. அட்டையிலுள்ள பெயரும் பால் குறிப்பும் எதிரில் நிற்பவரின் தோற்றத்தோடு பொருந்தாதபோது, அவர் ஒவ்வொரு முகப்பிடத்திலும் தம்மைப் பற்றி விளக்கம் கூற வேண்டியவராகின்றார். திருநங்கையர், திருநம்பியர் ஆகியோரின் அன்றாட நிலை இதுவே.

அட்டையில் பெயரையும் பால் குறிப்பையும் மாற்றிக்கொள்ள நாட்டுச் சட்டம் எவ்வாறு இடமளிக்கின்றது, எங்குத் தடுக்கின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முஸ்லிம்களுக்கு ஷரியா சட்டங்களும் தேசிய ஃபத்வா மன்றத்தின் முடிவுகளும் கூடுதலாகப் பொருந்துவதால், முஸ்லிம் அல்லாத தமிழரின் நிலை மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

பால் குறிக்கப்படும் நான்கு இடங்கள்

மலேசியத் தமிழர் ஒருவரின் அடையாள அட்டையில் பால் நான்கு இடங்களில் குறிக்கப்படுகின்றது. முதலாவது, பெயரின் ஈறு. செல்வன், செல்வி என்னும் பெயர்களில் ஈறே பாலை உணர்த்திவிடுகின்றது. இரண்டாவது, தம் பெயருக்கும் தந்தை பெயருக்கும் இடையே வரும் ஏ/எல், ஏ/பி என்னும் குறியீடு. 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரெம்புவான்' என்னும் மலாய்த் தொடர்களின் சுருக்கமாகிய இவை முறையே மகன், மகள் எனப் பொருள்படும். மூன்றாவது, அடையாள அட்டை எண்ணின் இறுதி இலக்கம். 12 இலக்கங்களைக் கொண்ட அவ்வெண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதியையும், அடுத்த இரண்டும் பிறந்த இடத்தையும் (சிலாங்கூருக்கு 10, கோலாலம்பூருக்கு 14) காட்டுகின்றன. இறுதி இலக்கம் ஆணுக்கு ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. நான்காவது, 2001-இல் அறிமுகமான மைகார்டின் முகப்பில் அச்சிடப்படும் ஆண் அல்லது பெண் என்னும் மலாய்ச் சொல்.

இவற்றுள் இரண்டாவது நம் கவனத்திற்கு உரியது. சீனர்க்குக் குடும்பப் பெயர் உண்டு; அஃது ஆண், பெண் இருவர்க்கும் பொது. தமிழர் மரபிலோ தந்தையின் பெயரே உடன்வருவது. அதனைப் பதிவேட்டில் இணைக்கக் குடியேற்ற ஆட்சிக் காலத்தில் ஆங்கிலச் சுருக்கங்கள் கையாளப்பட்டன. சிங்கப்பூர்த் தமிழரிடையே அவை இன்றும் வழங்குகின்றன. மலேசியாவில் அவற்றின் இடத்தை மலாய்ச் சுருக்கங்கள் பெற்றன. ஆகவே, மதி, மலர் போன்று இருபாலுக்கும் பொதுவாக அமையக்கூடிய பெயரை ஒருவர் தேர்ந்துகொண்டாலும், அடுத்து வரும் குறியீடு அவர் பாலை வெளிப்படுத்திவிடும். ஏ/எல் என்பதை ஏ/பி எனத் திருத்துவது பெயர்த் திருத்தம் போலத் தோன்றினும், உண்மையில் அது பால் திருத்தமே எனலாம்.

மாற்றமும் திருத்தமும்

பெயருக்கும் பாலுக்கும் சட்டத்தில் வழி ஒன்றன்று. 1990-ஆம் ஆண்டுத் தேசியப் பதிவு விதிகளின் 14-ஆம் விதி, பெயரை மாற்றிக்கொண்ட ஒருவர் அதனைத் தெரிவித்துப் புதிய அட்டை பெற வகை செய்கின்றது. விண்ணப்பதாரர் சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் செய்து, தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். முடிவு செய்வது இலாகாவே. ஆயினும் பெயர் மாறக்கூடியது என்பதைச் சட்டம் ஏற்கின்றது.

பாலைப் பொறுத்தவரை நிலை வேறு. அதே விதி, பெயரல்லாத விவரங்களைத் 'தவறானவை' எனக் கருதும்போதே திருத்தம் கோர இடமளிக்கின்றது. பிறப்புப் பத்திரத்திற்கு அடிப்படையான 1957-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 27-ஆம் பிரிவும் பிழை திருத்தத்தைப் பற்றியே பேசுகின்றது. உண்மை பற்றிய பிழை நேர்ந்திருப்பின், மூலப் பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பெழுதித் திருத்தலாம் என்பது அதன் கருத்து. பிறந்தபோது சரியாக இருந்து பின்னர் மாறிய ஒன்றைப் பற்றி இச்சட்டங்கள் எதுவும் கூறவில்லை. எனவே பால் குறிப்பை மாற்ற விரும்புபவர், 'என் வாழ்க்கை மாறியுள்ளது' என்று கூறி வெல்ல இயலாது. 'பதிவு பிழையானது' என்று நிறுவ வேண்டியுள்ளது. சிக்கலின் வேர் இங்குத்தான் உள்ளது.

நீதிமன்றங்களின் முரண்பட்ட தீர்ப்புகள்

இலாகா மறுத்தபின் சிலர் நீதிமன்றத்தை நாடினர். 2005-இல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த ஈப்போ உயர் நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு திருநம்பியின் கோரிக்கையை நிராகரித்தது. இத்தகைய மாற்றத்திற்கு நாடாளுமன்றமே வழிசெய்ய வேண்டும் என்பது அதன் முடிபு. பிறப்பின்போதுள்ள உடற்கூறே பாலைத் தீர்மானிக்கும் என்னும் 1970-ஆம் ஆண்டு ஆங்கிலத் தீர்ப்பின் செல்வாக்கை அதில் காணலாம்.

அதே 2005-இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், ஜே-ஜி என்னும் சுருக்கெழுத்தால் மட்டும் அறியப்படும் வழக்கில் நேர்மாறாகத் தீர்ப்பளித்தார். மருத்துவர்கள் விண்ணப்பதாரரைப் பெண்ணெனச் சான்றளித்துள்ள நிலையில், உளநிலைக்கு முதன்மை தந்து நீதிமன்றம் நிவாரணம் அளிக்க வேண்டும் என்றார். அட்டையைத் திருத்துமாறும் ஆணையிட்டார்.

2016-இல் அதே நகரின் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி நந்தபாலன் ஒரு திருநம்பிக்கு ஆதரவாகத் தீர்ப்பு வழங்கினார். கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆம் விதி உறுதிசெய்யும் உயிர்வாழும் உரிமை, ஆணாக மாண்புடன் வாழும் உரிமையையும் உள்ளடக்கும் என்பது அதன் சாரம். பெயரையும் எண்ணின் இறுதி இலக்கத்தையும் மாற்றும் ஆணை அதில் இடம்பெற்றது. ஆயினும் 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. நாடாளுமன்றமும் இதற்கெனச் சட்டம் எதனையும் இயற்றவில்லை. ஆதலின் ஒருவருக்குக் கிடைத்த நீதி மற்றவர்க்கும் கிடைக்கும் என்னும் உறுதி இல்லை. வழக்காடும் செலவும் துணிவும் உடையவரே முயலக்கூடிய நிலையுள்ளது.

அண்டை நாட்டிலும் தமிழகத்திலும்

இந்நிலை தவிர்க்க இயலாதது அன்று என்பதை ஒப்பீடு காட்டும். சிங்கப்பூரில் 1973 முதல் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அடையாள அட்டையில் பால் குறிப்பை மாற்றிக்கொள்ள இடமளிக்கப்பட்டது. 1996-இல் அவர்தம் திருமணமும் சட்ட ஏற்புப் பெற்றது. இங்கிலாந்து 2004-இல் தனிச் சட்டம் இயற்றித் தன் பழைய தீர்ப்பின் பிடியிலிருந்து விலகியது.

தமிழக அரசு 2008 ஏப்ரலில் திருநங்கையர் நல வாரியத்தை அமைத்தது. இந்திய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15 அன்று, பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019-இல் இயற்றப்பட்டு 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் பெற்று ஆவணங்களைத் திருத்த வகை செய்தது. அங்கெல்லாம் வினா 'பிழையா?' என்பதிலிருந்து 'மாற்றத்தை எவ்வாறு பதிவது?' என்பதற்கு நகர்ந்தது.

தமிழ் இலக்கணம் கண்ட வழி

பதிவேட்டுக்கு எழும் இதே வினா நம் இலக்கண ஆசிரியர்க்கும் எழுந்தது: இரு பாலில் அடங்காதவர் போலத் தோன்றுவோரை எவ்வாறு சொல்லால் சுட்டுவது? தொல்காப்பியச் சொல்லதிகாரக் கிளவியாக்கம் அவர்களை உயர்திணையில் வைக்கின்றது. ஆண்மை திரிந்தவரைக் குறிக்கும் பெயர்க்கு ஆண்பால் ஈறு பொருந்தாது என்றும் கூறுகின்றது. நன்னூல் மேலும் சென்று, பெண்மை விட்டு ஆண்மை விரும்புவோரை ஆண்பாலாகவும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோரைப் பெண்பாலாகவும் கொள்கின்றது. இவர்களை அஃறிணை போலவும் கூறலாம் என அந்நூலே சேர்த்துரைப்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இலக்கண விதி சட்டமாகாது. எனினும், பால் என்பது பிறப்பொன்றால் முடிந்துபோவதன்று, விருப்பும் அதில் பங்குபெறும் என்னும் எண்ணம் தமிழுக்குப் புதிதன்று என்பது தெளிவு.

முடிவுரை

இன்றைய நிலையில் பெயர் மாற்றமே ஓரளவு எட்டக்கூடியது. அதனைச் செய்பவர், பழைய பெயரிலுள்ள எஸ்.பி.எம். சான்றிதழுக்கும் புதிய அட்டைக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஆவணங்களை வாழ்நாள் முழுவதும் பாதுகாக்க வேண்டும். ஊழியர் சேமநிதி, வங்கி, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றிலும் தனித்தனியே பெயரைத் திருத்த வேண்டும்.

ஆசிரியர்க்கும் இதில் பங்குண்டு. பள்ளிப் பதிவேட்டில் அட்டையிலுள்ளதையே எழுத நாம் கடமைப்பட்டவர்கள். ஆனால் முன்னாள் மாணவர் ஒருவர் நற்சான்றுக் கடிதம் கேட்டு வரும்போது, அவர் இன்று வழங்கும் பெயரையும் குறிப்பிட்டு, இருவரும் ஒருவரே என எழுதித் தருவதைப் பதிவேடு தடுக்கவில்லை. அவரை அவர் விரும்பும் பெயரால் அழைப்பதற்கும் எந்த இலாகாவின் ஒப்புதலும் தேவையில்லை.