கணவனுக்கும் மனைவிக்கும் நடுவே ஒரு லென்ஸ்

முகம் மட்டும் தெரிந்தால் குளோசப். இடுப்புக்கு மேலே என்றால் மிட் ஷாட். ஆளோடு சுற்றியுள்ள இடமும் தெரிந்தால் லாங் ஷாட். படப்பிடிப்புத் தளத்தில் லைட்பாய்க்கும் இது அத்துப்படி. குழப்பம் வருவது ஜூமிலும் டிராலியிலும்தான்.

தண்டவாளம் போட்டு கேமராவையே தள்ளிக்கொண்டு போனால் அது டிராலி. முகம் பெரிதாக ஆக, பின்னால் இருக்கும் சுவர் அதே வேகத்தில் பெரிதாவதில்லை; நாமே நடந்து அருகில் போவதுபோல இருக்கும். ஜூமில் கேமரா நகர்வதில்லை, லென்ஸ்தான் வேலை செய்கிறது. முகமும் சுவரும் ஒன்றாகவே பெரிதாகின்றன. தண்டவாளச் செலவு மிச்சம் என்பதாலோ என்னவோ, 1970-களின் மசாலாப் படங்களில் வில்லன் முறைத்தாலும் ஜூம், கதாநாயகி திடுக்கிட்டாலும் ஜூம்.

இப்படி மலினப்பட்டுப்போன உத்தியை 1964-லேயே 'சாருலதா'வில் சத்யஜித் ராய் பயன்படுத்திய விதமே வேறு. ஒளிப்பதிவு சுப்ரதா மித்ரா. ஆனால் கேமராவை ராயே இயக்கத் தொடங்கியது இந்தப் படத்திலிருந்துதான்.

19-ம் நூற்றாண்டின் கல்கத்தா. வசதியான வீடு, பொழுது போகாத மனைவி. கைப்பிடி வைத்த சிறு பைனாகுலருடன் ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவை வேடிக்கை பார்க்கிறாள் சாரு (மாதபி முகர்ஜி). பத்திரிகை நடத்தும் கணவன் பூபதி புத்தகத்தில் மூழ்கியபடி அவளைக் கடந்து போகிறான். பக்கத்தில் மனைவி நிற்பதுகூடத் தெரியவில்லை. சாரு பைனாகுலரை உயர்த்தி அவனையும் பார்க்கிறாள், தெருவில் போகிறவனைப் பார்ப்பதுபோல. அவன் போனதும் கை தாழ்கிறது. அந்த நொடியில் ஜூம் சட்டென்று பின்வாங்க, அருகில் தெரிந்தவள் தூரத்தில் தனியாக நிற்கிறாள். வசனம் இல்லை.

தோட்டத்து ஊஞ்சல் காட்சியில் இதற்கு நேரெதிர். கேமராவும் அவளோடு ஆடுகிறது. முகம் அருகிலேயே இருக்க, உலகம்தான் அசைகிறது. புல்தரையில் எழுதிக்கொண்டிருப்பவன் பூபதியின் ஒன்றுவிட்ட தம்பி அமல். அவனையும் அதே பைனாகுலர் வழியே பார்க்கிறாள். இந்த முறை அவள் மனம் எங்கே போகிறது என்பது அவளுக்கே உறைக்கிறது.

1965 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி ராய்க்குக் கிடைத்தது.

கடைசிக் காட்சியில் ஜூமும் இல்லை, டிராலியும் இல்லை. வீடு திரும்பும் பூபதியை நோக்கிக் கை நீட்டுகிறாள் சாரு. அவனும் நீட்டுகிறான். இரண்டு கைகளும் தொடுவதற்குள் படம் உறைந்துவிடுகிறது.