குறைந்த ஓட்டம், கூடுதல் செலவு

வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து மார்க்கெட்டுக்கு, மாலையில் வசூலுக்கு. நம்மில் பலருடைய கார் ஒரு நாளில் ஓடுவது இவ்வளவுதான். "கொஞ்சம்தானே ஓடியிருக்கிறது, ஆயிலை அப்புறம் மாற்றலாம்" என்று தள்ளிப் போடுகிறோம். இதை எழுதும் நாமும் அப்படித்தான் இருந்தோம். வாங்கிய நான்காம் ஆண்டில், 30,000 கிலோமீட்டர்கூட ஓடாத நிலையில், சரக்கு எடுக்கப் போகும் வழியில் என்ஜின் தடதடவென்று சத்தமிட்டு நின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் சொன்ன செலவுத் தொகை ஒரு தீபாவளி வியாபாரத்தின் லாபத்தை விழுங்கிவிட்டது. முதலில் கார் கம்பெனியைத்தான் நொந்துகொண்டோம். பிரித்த என்ஜினுக்குள் ஆயில் கறுப்புக் களிம்பாகப் படிந்திருந்ததைப் பார்த்த பிறகே தவறு நம்முடையது என்று புரிந்தது.

காரணம் இதுதான். பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. அதில் ஒரு பகுதி பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி ஆயிலில் கலக்கிறது. நெடுந்தூரம் ஓடினால் ஆயில் நன்றாகச் சூடேறி அந்த ஈரம் ஆவியாகிவிடும். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவதும் மறுபடி எடுப்பதுமாக இருந்தால் ஈரம் தங்கிவிடுகிறது. நாளடைவில் ஆயில் களிம்பாகி, அது செல்லும் சிறு துளைகளை அடைக்கிறது. ஆயில் கிடைக்காத பேரிங் கிராங்க் ஷாப்ட்டோடு உரசித் தேய்ந்துபோகிறது.

விற்காத சரக்கானாலும் காலாவதித் தேதி வந்தால் ஒதுக்கிவிடுகிறோம் அல்லவா? ஆயிலுக்கும் அதே கணக்குதான். காரோடு தரும் கையேட்டில் ஆயில் மாற்ற இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்தியோ அது என்றுதான் போட்டிருக்கும். மாதக் கணக்கை மறக்கக் கூடாது.

வாரம் ஒருமுறை, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, என்ஜின் ஆறிய பின் அளவுக் கம்பியை எடுத்து ஆயில் மட்டத்தைப் பாருங்கள். ஓடும்போது ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தால் "கடை வரை போய்விடலாம்" என்று நினைக்காமல் அங்கேயே என்ஜினை நிறுத்துங்கள். ரேடியேட்டரில் போர் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படியும். உரிய கூலண்ட்டையே ஊற்றுங்கள். அதிகச் சூட்டில் ஓட்டினால் அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

வேலைக்கு விடும்போது செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். சர்வீஸ் பில்கள் இல்லாவிட்டால் வாரண்டி கேட்கும்போது பேச வழியிருக்காது.

குறை உண்மையிலேயே தயாரிப்பிலோ பழுதுபார்ப்பிலோ இருந்தால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் செய்யலாம். வணிக நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு இச்சட்டம் பொருந்தாது. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பவர் அதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் விலக்கு உண்டு. ஆகவே பில் யார் பெயரில், எதற்காக என்பதை வாங்கும்போதே கவனியுங்கள்.

கடை இருப்பைச் சரிபார்க்கும் நாளிலேயே ஆயிலையும் பார்த்துவிடுவது என்று நாம் இப்போது வழக்கம் வைத்திருக்கிறோம். அதற்கு ஆகும் நேரம் இரண்டு நிமிடம்.